கல்யாணத்தன்று சீமாட்டியைத் தூக்கினோம்

கல்யாணம் பதினொன்றரைக்கு. சைலன்சர் கழன்று தரையில் விழுந்தது ஒன்பது நாற்பதுக்கு. நடுவில் இருந்த நேரத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், சிரிப்பதானால் தாராளமாகச் சிரியுங்கள்.

என் பெயர் டில்லிஸ். அன்றைக்கு வயது ஐம்பத்தாறு. இங்கிலாந்தில் லட்லோவுக்கு நாலு மைல் தள்ளி எட்டே வீடு இருக்கிற ஊரில் குடியிருந்து, சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீமாட்டி என்பது என் கார். அறுபத்து மூன்றாம் வருடத்து வண்டி, இரண்டே சீட்டு, ஒயின் சிவப்பு. தரையோடு தரையாக இருப்பாள். அவளுக்கு அடியில் நுழைவதென்றால் என் பூனையே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய கார் கிளப்பின் அழகுப் போட்டி. நடுவர்கள் குச்சியில் கண்ணாடி கட்டிக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில்கூடப் பார்ப்பார்கள். அதற்காகப் பின் அச்சைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கறுப்புப் பெயிண்ட் மூன்று பூச்சு அடித்து, மெழுகு போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். பைத்தியக்காரத்தனம்தான், இல்லை என்று யார் சொன்னது? எங்கள் கிளப்பில் எல்லோருக்கும் இதே வியாதி.

மாப்பிள்ளை பெயர் ஆல்வின். எதிர் வீடு. ரயில்வே சிக்னல் கேபினில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர், இரண்டு தரம் சரிபார்க்காமல் டீயில் சர்க்கரைகூடப் போட மாட்டார். நான் ஒருநாள் சீமாட்டியைச் செங்கல் அடுக்கி நிறுத்திவிட்டு அடியில் படுத்திருந்ததைப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. நேரே கடைக்குப் போனார். தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்துகிற இரும்பு ஜாக் ஸ்டாண்டு இரண்டு வாங்கி வந்து என் காலடியில் வைத்தார். மற்ற ஆண்பிள்ளைகள் பூ வாங்கி வருவார்கள், எனக்கு வாய்த்தது இது. வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கும்போது அடியில் போக மாட்டேன் என்று அன்றைக்கே கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்போதே எனக்கு அவர் மேல் ஆசை வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கல்யாணத்தை நான் ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப் போட்டவள். முதல் தரம் சீமாட்டியின் எஞ்சின் என் சமையலறை மேசை மேல் கிடந்தது. இரண்டாம் தரம் கிளப் சுற்றுலா என்று ஒரு சாக்கு. உண்மையைச் சொன்னால் பயம்தான், வேறொன்றுமில்லை. இவ்வளவு காலம் தனியாகவே இருந்து பழகிய உடம்பு.

இரண்டாம் தரம் ஆல்வின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "இன்னொரு தேதி குறிப்போம் டில்லிஸ். நீ வந்தா சந்தோஷம். வரலைன்னா சண்டை போட மாட்டேன். ஆனா மறுபடி கேக்கவும் மாட்டேன்" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

கல்யாணம் நடக்கவிருந்த லட்லோ பதிவு அலுவலகத்து அம்மாளும் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஜூன் மாசம் பூரா சனிக்கிழமை நிறைஞ்சு போச்சு. பத்து நிமிஷம் பாப்பேன். அதுக்கு மேல அடுத்த ஜோடி உள்ள வந்துரும். அப்புறம் செப்டம்பர்தான்."

அதனால்தான் அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கே நான் தயாராகிவிட்டேன். தங்கை ஹேசல் முந்தின நாள் ரயிலில் வந்திருந்தாள். அவள் தைத்த கவுன், பால் வெள்ளை சாட்டின். முதுகில் நாற்பது பொத்தான்! ஒவ்வொன்றும் மிளகு அளவு. மாட்டி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

"இனிமே ராத்திரிக்கு அத்தான்தான் கழட்டணும். பாவம், கண்ணாடி போட்டுக்கிட்டுக் கழட்டட்டும்" என்றாள்.

"வாயை மூடுடி கழுதை."

முடி சுருளச் சுற்றின சுருட்டைக் குழல்கள் என் தலையில் இன்னும் இருந்தன. எஞ்சினைக் கொஞ்சம் சூடு பண்ணிவைக்கலாம் என்று கராஜுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன். சீமாட்டி ஒரு தரம் இருமினாள். டணார்! பின்பக்கம் சைலன்சர் தரையில் கிடந்தது. தாங்கிப் பிடிக்கிற ரப்பர் அறுந்திருந்தது. வெளியே தெரியாது என்று பழைய ரப்பரையே மாட்டி மினுக்கிவைத்தவள் நான்தான், வேறு யாரைத் திட்டுவது?

"டாக்சி கூப்பிடு" என்றாள் ஹேசல்.

"இன்னிக்கு குதிரைப் பந்தயம்டி. ஊர்ல இருக்கிற ரெண்டு டாக்சியும் அங்கதான் நிக்கும்."

"பஸ்?"

"பத்து நாப்பதுக்கு ஒண்ணு. அதுல ஆல்வின் போறார். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணைப் பாக்கக் கூடாதுன்னு தலையால அடிச்சுக்கிறார், அதுலயே நானும் ஏறி உக்காரவா?"

ஆமாம், அந்த மனுஷனுக்கு அதில் அப்படி ஒரு நம்பிக்கை. முதல் கல்யாணத்தன்று காலையில் தெரியாமல் பெண்ணைப் பார்த்துவிட்டாராம். அவள் ஆறு வருடம் கழித்து ஒரு பியானோ விற்பவனோடு போய்விட்டாள். சிக்னல் விளக்கை மூன்று தரம் சரிபார்க்கிற மூளைக்குள் இதுவும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

புது ரப்பர் என் டப்பாவில் இருந்தது. மாட்டுவது பத்து நிமிட வேலை. ஆனால் அதற்கு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கியாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வெளியே செருப்புச் சத்தம். "டில்லிஸ்? என்ன சத்தம் அது? இங்க வரைக்கும் கேட்டுது."

"ஐயோ, மாப்பிள்ளை!" ஹேசல் ஓடிப்போய் கராஜின் இரண்டு மரக்கதவையும் இழுத்து அடைத்தாள். "வராதீங்க அத்தான்! இவ கவுனோட நிக்கிறா! திரும்பி நில்லுங்க!"

வெளியே ஒரு வாளியைக் கவிழ்க்கிற சத்தம். கதவு இடுக்கில் பார்த்தேன். நீலக் கோட்டு, சட்டையில் வெள்ளைப் பூ, காலில் வீட்டுச் செருப்பு. எங்களுக்கு முதுகைக் காட்டி வாளி மேல் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். "சரி. நான் இங்கேருந்தே சொல்றேன். சொல்றது மட்டும் செய்" என்றார்.

"தலையணை உறையைத் தலையில மாட்டிக்கிட்டு உள்ள வாங்களேன் அத்தான்" என்றாள் ஹேசல்.

"கண்ணைக் கட்டிக்கிட்டுக் காரைத் தூக்குறவன் முட்டாள். டில்லிஸ், நீ என்ன போட்டிருக்கே? ஐயோ வேணாம், சொல்லாதே!"

நாற்பது பொத்தானைக் கழற்ற நேரம் ஏது? கவுனுக்கு மேலேயே, கழுத்திலிருந்து கால் வரைக்கும் மூடுகிற என் மெக்கானிக் ஓவராலை மாட்டினேன். பாவாடை முழுவதையும் அதன் இரண்டு கால்களுக்குள் திணித்தோம். வைக்கோல் அடைத்த பொம்மை தோற்றது, போங்கள். ஹேசல் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல கியர்ல போடு" என்றது கதவு.

"போட்டாச்சு."

"ஹேண்ட் பிரேக்?"

"இழுத்தாச்சு."

"முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடி ஒரு கட்டை, பின்னாடி ஒரு கட்டை. ரெண்டு பக்கமும் முட்டு வேணும்."

"யோவ், எனக்குத் தெரியாதா?"

"தெரியும். செங்கல்லையும் எனக்குத் தெரியும்."

வாயை மூடிக்கொண்டு கட்டைகளை வைத்தேன். டிராலி ஜாக்கைப் பின்பக்கமாக உருட்டி, அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டிருக்கிற இரும்புக் கூட்டுக்கு அடியில் மரத்துண்டு வைத்து முட்டுக் கொடுத்தேன். ஹேசல் கைப்பிடியை அழுத்த அழுத்த, சீமாட்டியின் பின்பக்கம் அங்குலம் அங்குலமாக எழுந்தது. நான் வாய்விட்டுக் கூவினேன். வண்டி எழும்புகிற அந்த அழகை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

"கூவாதே, ஸ்டாண்டை வை. ரெண்டும் ஒரே உயரமா? உயரம் பூட்டுற ஊசி எத்தனாவது ஓட்டைல?"

"ரெண்டுலயும் மூணாவது."

"எண்ணிட்டுச் சொல்லு."

எண்ணினேன். மூணாவதுதான். ஸ்டாண்டுகளை அச்சுக்கு அடியில், ஒவ்வொன்றையும் ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

இங்கேதான் என் புத்தி கெட்டது. ஸ்டாண்டின் தலை கரடுமுரடான இரும்பு. அது என் மூன்று பூச்சுப் பெயிண்டில், என் மெழுகில், பல்லைப் பதிக்கப்போகிறது. அடுத்த ஞாயிறு நடுவர் கண்ணாடியை நீட்டினால் முதலில் தெரிவதே அந்தத் தழும்புதான். ஹேசலின் தையல் பையில் கவுன் வெட்டி மிஞ்சின சாட்டின் துண்டுகள் இருந்தன. இரண்டை உருவி, நாலாக மடித்து, இரண்டு ஸ்டாண்டின் தலையிலும் மெத்தை மாதிரி வைத்தேன். ஹேசல் என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"இப்ப ஜாக்கை மெதுவா இறக்கு. பாரம் ஸ்டாண்டுக்கு வரட்டும்" என்றார் ஆல்வின்.

இறக்கினோம். சீமாட்டி சொகுசாக உட்கார்ந்தாள்.

"உக்காந்துடுச்சா?"

"ராணி மாதிரி."

"சத்தம் கேக்கலையே. இரும்பு மேல இரும்பு உக்காந்தா ஒரு சத்தம் வருமே."

"நீ வெளியில இருக்கே. எப்படிக் கேக்கும்?"

"நடுவுல எதுவும் வச்சியா?"

"இல்லை" என்றேன்.

"நிஜமா?"

"நிஜமாத்தான்யா! மணி என்ன ஆச்சு பாரு!" மூன்று வருடப் பழக்கத்தில் அவரிடம் நான் துணிந்து சொன்ன முதல் பொய் அது. ஒரு பெயிண்டுக்காக.

அந்தச் சமயம் சாலைத் திருப்பத்தில் பஸ்ஸின் உறுமல் கேட்டது. பத்து நாற்பது. "ஆல்வின், பஸ்!" என்று கத்தினேன். "ஓடு! நீயாவது போய்ச் சேரு!"

"போகட்டும். ஜாக்கை எடுக்காதே. லேசா தொட்ட மாதிரி அடியிலேயே நிக்கட்டும்."

பஸ் நின்று, கிளம்பி, போயே போய்விட்டது. மனுஷன் வாளியை விட்டு அசையவில்லை. இனி அவரும் என் காரை நம்பித்தான். எனக்குக் கை பரபரத்தது. ஜாக் வேறு சைலன்சர் குழாய்க்குக் குறுக்கே இடித்துக்கொண்டு நின்றது. சத்தம் போடாமல் அதை உருவி வெளியே தள்ளினேன்.

"அடியில போறதுக்கு முன்னாடி தள்ளிப் பாரு" என்றார். "பக்கவாட்டுல, பலமா."

பின் மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"அது என்ன, தள்ளுறதா தடவிக் கொடுக்கிறதா?"

"தள்ளியாச்சு, தள்ளியாச்சு. உள்ள போறேன்!" மல்லாந்து படுத்தேன். ரப்பரை வாயில் கடித்துக்கொண்டு, குதிகாலால் உந்தி உந்தித் தலையை உள்ளே நுழைத்தேன். மூக்குக்கு மேலே அச்சு பளபளத்தது. அதில் என் முகமும் சுருட்டைக் குழல்களும் தெரிந்தன. அழகாக இருக்கிறேன் என்றுகூட நினைத்தேன், பாருங்கள் கொழுப்பை.

கதவு உடைகிற மாதிரி திறந்தது. "அத்தான், பாக்கக் கூடா..." என்று ஹேசல் கத்தி முடிப்பதற்குள் இரண்டு கை என் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது. கராஜுக்கு நடுவில் வந்து விழுந்தேன். குழல் இரண்டு உருண்டோடின. ரப்பரை விழுங்காதது என் அதிர்ஷ்டம்.

"யோவ், உனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆல்வின் நேராகப் போய் சீமாட்டியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். அவ்வளவு பெரிய தள்ளுகூட இல்லை, நெரிசலில் பக்கத்து ஆளை இடிக்கிற அளவுதான்.

மெழுகின் மேல் சாட்டின் வழுக்கியது. அச்சு பக்கவாட்டில் நழுவி, இடது ஸ்டாண்டு சாய்ந்து, சீமாட்டி தடால் என்று இடது சக்கரத்தில் வந்து விழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர் எல்லாம் கிணுகிணுத்தன. என் மூக்கு இருந்த இடத்தில் இப்போது பூனைக்குக்கூட இடமில்லை.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹேசல் அழ ஆரம்பித்தாள்.

ஆல்வின் குனிந்து சாட்டின் துண்டை எடுத்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஓவரால், கழுத்தில் பிதுங்கிய சாட்டின், தொங்குகிற குழல்கள், கன்னத்தில் கிரீஸ். எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம்தான் நினைவு வந்து, சடாரென்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"பாத்துட்டியே" என்றேன்.

"பாத்துட்டேன்."

"முதல் பெண்டாட்டி ஆறே வருஷத்துல..."

"ஆறு வருஷம்னா ஆறு வருஷம்!" கையை எடுத்துவிட்டுக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஆறு வருஷம் கழிச்சு நீ ஓடிப் போனாலும் போ! ஓடுறதுக்கு உனக்கு ரெண்டு கால் இருக்கணும்ல?"

ஹேசல் அழுகைக்கு நடுவில் குபுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. எழுந்துபோய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "பொய் சொன்னேன்யா. பெயிண்ட் போயிடும்னு பொய் சொன்னேன். மன்னிச்சுடு."

"காலைல அந்தச் சத்தம் கேட்டதும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றார் மெதுவாக. "மறுபடி வண்டியைப் பிரிச்சுட்டா, மூணாவது தடவையா இன்னிக்கும் இல்லைன்னு நினைச்சேன். அதான் செருப்போட ஓடி வந்தேன். உள்ளேருந்து நீ சொல்லப் போறது அதுதான்னு நினைச்சுக்கிட்டே வாளி மேல உக்காந்திருந்தேன்."

அடப்பாவி மனுஷா! ஒரு மணி நேரமாக முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டை எண்ணச் சொன்னவர் மனதுக்குள் இது ஓடியிருக்கிறது. பஸ்ஸை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாரே, அது பொறுமை என்று நினைத்தேன். பயம் எனக்கு மட்டும்தான் இருந்ததாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஹேசல், ஜாக்கை எடு. திரும்பத் தூக்குவோம்" என்றேன்.

இந்தத் தரம் கட்டைகளை அவரே உதைத்துப் பார்த்தார். ஸ்டாண்டு ரெண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மூன்றாவது ஓட்டையை நான் எண்ண, அவர் எண்ண, ஹேசலும் எண்ணினாள். இரண்டு ஸ்டாண்டின் தலையையும் துடைத்து வெறும் இரும்பாக நிறுத்தினேன். ஜாக்கை நானே இறக்கினேன். கறக்! என் மூன்று பூச்சுப் பெயிண்டில் பல் இறங்கியது. இன்னொரு கறக். போச்சு, கோப்பை போச்சு. ஆனால் அந்தச் சத்தம் என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது, ஓவென்று கூவினேன். ஹேசலும் கூவினாள். ஜாக்கை லேசாகத் தொட்டபடி நிறுத்தினோம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பக்கமாகத் தள்ளினோம், அடுத்த பக்கமாகத் தள்ளினோம். சீமாட்டி மலை மாதிரி நின்றாள்.

"இப்ப போ" என்றார் ஆல்வின். ஆனாலும் நான் வெளியே வருகிற வரைக்கும் என் கணுக்காலை விடவில்லை.

பதினொன்று இருபத்திரண்டுக்கு வண்டி தரையிறங்கியது. ஓவராலை உருவி எறிந்தேன். பாவாடை கசங்கிக் கடலைப் பொட்டலத்துக் காகிதம் மாதிரி இருந்தது. ஆல்வின் பக்கத்து சீட்டில் ஏறினார், அதே வீட்டுச் செருப்போடு. ஹேசல் பின்னால் மடித்த கூரை மேல் ஏறி உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேர் தோளையும் பிடித்துக்கொண்டாள். ஏப்ரானோடு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கையசைத்தாள். அப்புறம் வழியெல்லாம் ஆடுகளுக்குக் கையசைத்தாள். "எனக்குக் கல்யாணம்!" என்று நான் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்துக் கத்தினேன். ஆல்வின் ஒரு கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "வேகத்தைக் குறை, வேகத்தைக் குறை" என்று சொன்னார், ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பதினொன்று முப்பத்தெட்டுக்குப் பதிவு அலுவலகப் படியேறினோம். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், என் தலையில் தொங்கிய ஒற்றைக் குழலைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் காலைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துவிட்டாள். சாட்சிக்கு ஹேசல் ஒன்று, எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்த ஆல்வினின் பழைய சிக்னல் கேபின் கூட்டாளி ஒன்று.

"இவரைக் கணவரா..." என்று அவள் ஆரம்பித்ததுமே, "சம்மதம்!" என்றேன்.

"முழுசா கேட்டுட்டுச் சொல்லணும்மா."

"நீங்க மெதுவா கேளுங்க. என் பதில் அதேதான்."

பெரிய பதிவேட்டைத் திறந்தாள். மைக்கூட்டில் தோய்த்த பேனாவை ஆல்வினிடம் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை என்னிடம் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்த அம்மாளிடம் தணிந்த குரலில் கேட்டார். "இந்த மை அழியுமா?"

"இது பதிவேட்டு மைங்க. காகிதத்துல ஊறிடும். வருஷம் போகப் போகக் கறுப்பு ஏறுமே தவிர, மங்காது."

"சரிபாத்துக்கத்தான் கேட்டேன்" என்றார் ஆல்வின். காது ரெண்டும் சிவந்துவிட்டன.

அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன். கிரீஸ் போகாத விரலால், மறுபக்கம் வரைக்கும் தடம் பதிகிற மாதிரி அழுத்தி அழுத்தி, என் முழுப் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினேன்.